மூடு வந்தாத்தான் படிப்பீங்களா? மோட்டிவேஷன் இல்லாத நாளிலும் வேலை நடக்க என்ன வழி... பழனி பாதயாத்திரை காட்டும் சூட்சுமம்!

காலை 5 மணி. அலாரம் அடிக்கிறது. "இன்னும் 10 நிமிஷம்" என்று கை தானாகப் போய் அதை அணைக்கிறது. மறுபடி கண் திறக்கும்போது மணி 7.20. குரூப் 4 தேர்வுக்கு வாங்கி வைத்த புத்தகம் மேசையில் அப்படியே கிடக்கிறது. நேற்று ராத்திரி மோட்டிவேஷன் வீடியோ பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து வேற மாதிரி" என்று சபதம் போட்டதும் நினைவுக்கு வருகிறது. அந்த வேகம் எங்கே போச்சு?

இதே காலை 5 மணிக்கு, தை மாதத்தில் திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? காலில் செருப்பு இல்லை, கையில் ஒளிரும் குச்சி, தோளில் சின்ன பை. சாரைசாரையாகப் பழனிக்கு நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். பாதம் கொப்பளித்திருக்கும், தூக்கம் கண்ணைச் சுழற்றும். அந்த நேரத்தில் அவர்கள் எல்லோருக்கும் உற்சாகம் பொங்குகிறதா என்றால், இல்லை. ஆனாலும் கால் நடக்கிறது.

அது எப்படி? பக்தி ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பயணம் கட்டமைக்கப்பட்ட விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மனம் சோர்ந்துபோகும் நாளிலும் வேலையை நடத்திக்கொள்ள அது நமக்கும் உதவும்.

சுருக்கமாக:

• உற்சாகம் வந்த பிறகுதான் வேலை என்று காத்திருக்க வேண்டாம். பல நேரங்களில் வேலையைத் தொடங்கிய பிறகுதான் உற்சாகமே வருகிறது.
• மனஉறுதியைவிட நேரம், இடம், கூட்டம், தடை ஆகிய நான்கும் அதிகம் உதவும்.
• "21 நாளில் பழக்கம்" என்பதற்கு ஆதாரம் இல்லை. ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது.
• இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே நாட்டம் இல்லை என்றால் அது சோம்பல் இல்லாமல் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

உத்வேகம் வேறு, கட்டுப்பாடு வேறு

உத்வேகம் என்பது ஓர் உணர்வு. பசி, தூக்கம், கோபம் மாதிரி அதுவும் வரும், போகும். நேற்று வந்ததால் இன்றும் வரும் என்று சொல்ல முடியாது. சுயக்கட்டுப்பாடு என்பது ஓர் ஏற்பாடு. உணர்வு வராத நாளிலும் வேலை நிற்காமல் இருக்க நாம் முன்கூட்டியே செய்து வைப்பது.

இந்த வித்தியாசம் நமக்குப் புதுசும் இல்லை. திருக்குறளில் 60-வது அதிகாரம் ஊக்கமுடைமை, 61-வது மடியின்மை, 62-வது ஆள்வினையுடைமை. ஊக்கத்துக்கு ஓர் அதிகாரம், சோம்பல் இல்லாமைக்கு ஓர் அதிகாரம், முயற்சிக்கு இன்னோர் அதிகாரம். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் ஒன்றில்லை.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு பறிக்கப் போகிறவர்களைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது, மார்க்கெட்டும் காத்திருக்காது. "இன்னைக்கு மூடு இல்லை" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வேலையின் அமைப்பே ஆளை எழுப்பிவிடுகிறது.

படிப்பு, உடற்பயிற்சி, சேமிப்பு போன்றவற்றில்தான் சிக்கல். இன்று செய்யாவிட்டால் இன்றே யாரும் கேட்க மாட்டார்கள். நஷ்டம் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால் இந்த வேலைகளுக்கான அமைப்பை நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

மனஉறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகுமா?

"எனக்கு வில் பவர் கம்மி" என்று சொல்லாதவர்கள் குறைவு. 1998-ல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழு ஒரு சோதனை நடத்தியது. சூடான பிஸ்கட் வாசனைக்கு நடுவே சிலரை முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு விடையே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்தபோது, பிஸ்கட் சாப்பிட்டவர்களைவிட முள்ளங்கிக்காரர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். மனஉறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்து இப்படித்தான் பரவியது.

ஆனால் 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்தக் கருத்தைச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. எனவே "என் பேட்டரி காலி" என்பதை அறிவியல் முடிவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. ஜெர்மனியில் சுமார் 200 பேரின் அன்றாட ஆசைகளை ஒரு வாரம் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 2012-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டுவது குறைவாகத்தான் இருந்தது. அவர்கள் சண்டையில் ஜெயிப்பதைவிட, சண்டை வரும் இடத்துக்குப் போவதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். படிக்கும்போது பக்கத்தில் செல்போனை வைத்துக்கொண்டு "தொடமாட்டேன்" என்று பல்லைக் கடிப்பவரைவிட, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருபவருக்கு மனஉறுதி குறைவாக இருந்தாலே போதும்.

பாதயாத்திரையில் என்ன நடக்கிறது?

திண்டுக்கல்லில் இருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். மதுரை, சிவகங்கைப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் அதிக தூரம். செட்டிநாட்டு நகரத்தார் காவடி எடுத்து நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து வருவது பல தலைமுறைப் பழக்கம். இவ்வளவு பேரை நடக்க வைக்கும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஒரே முறை முடிவு: மாலை போட்டாச்சு என்றால் முடிவு எடுத்தாச்சு. தினமும் காலையில் "விரதம் இருக்கலாமா, வேண்டாமா" என்ற விவாதமே கிடையாது. நம்மில் பலர் சோர்ந்துபோவது வேலையால் இல்லை, தினமும் புதுசாக முடிவெடுக்க வேண்டியிருப்பதால்தான்.

ஊருக்குத் தெரியும்: கழுத்தில் மாலை, காவியோ பச்சையோ வேட்டி. டீக்கடைக்காரர் முதல் அலுவலக நண்பர் வரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். சிகரெட்டை நீட்ட வந்தவரே கையை இழுத்துக்கொள்வார். கட்டுப்பாட்டில் பாதி பாரத்தைச் சுற்றியிருப்பவர்கள் சுமக்கிறார்கள்.

விதிகள் தெளிவு: "நல்லபடியா இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. விடியற்காலைக் குளியல், அசைவம் கிடையாது, காலில் செருப்பு கிடையாது. செய்தோமா இல்லையா என்பதில் குழப்பமே வராது.

கூட்டம்: தனியாக நடந்தால் ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் பஸ் ஏறத் தோன்றும். முன்னால் குருசாமி, பின்னால் பக்கத்து வீட்டுப் பாட்டி என்றால் அப்படித் தோன்றாது.

சின்னச் சின்ன எல்லைகள்: மனம் பழனியைக் கணக்குப் போடுவதில்லை. அடுத்த அன்னதானப் பந்தல், அடுத்த மண்டபம், அதுவரைதான் கணக்கு.

திட்டமிட்ட ஓய்வு: வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடுவார்கள். விடியலிலும் இரவிலும் நடை. ஓய்வும் அங்கே பயணத்தின் பகுதி, யாரும் அதைத் தோல்வியாக நினைப்பதில்லை.

மாலையைக் கழற்றிய மறுநாள்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். 48 நாள் சிகரெட்டைத் தொடாதவர், மாலையைக் கழற்றிய அன்றைக்கே பெட்டிக்கடையில் நிற்பதை நாம் பார்க்கிறோம். "48 நாள் இருந்தவருக்கு 49-வது நாள் என்ன ஆச்சு?" என்று கேலி செய்வார்கள்.

அவருடைய மனஉறுதி ஒரே ராத்திரியில் குறைந்துவிடவில்லை. மாலை, உடை, கூட்டம், "சாமி" என்ற அழைப்பு, முடிவுத் தேதி எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. தாங்கிப் பிடித்த கம்பங்களைப் பிடுங்கினால் பந்தல் விழத்தான் செய்யும். விரதம் ஓர் இலக்குக்காகக் கட்டியது. பழக்கம் நிலைக்க வேண்டும் என்றால் ஒன்றிரண்டு கம்பங்களாவது நிரந்தரமாக இருக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் புத்தகத்தையே மறப்பவர்களுக்கும், கல்யாணத்துக்காக எடை குறைத்துவிட்டுப் பிறகு கூட்டியவர்களுக்கும் நடப்பது இதேதான்.

21 நாளா, 48 நாளா, 66 நாளா?

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கின் தொடக்கம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆவதாக அவர் கவனித்திருந்தார். "குறைந்தது" என்ற வார்த்தை நாளடைவில் காணாமல் போய்விட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கண்காணித்தது. 2010-ல் வெளியான முடிவுப்படி, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம். எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி போன்றவற்றுக்கு அதிக நாள் பிடித்தது.

அதே ஆய்வில் ஆறுதலான ஒரு விஷயமும் இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

வீட்டில் எப்படிச் செய்வது? 6 வழிகள்

1. "எப்போ, எங்கே" என்று எழுதுங்கள்

"தினமும் படிக்கணும்" என்பது ஆசைதான். "ராத்திரி சாப்பிட்டுத் தட்டு கழுவினதும், முன்ரூம் மேசையில் உட்கார்ந்து 10 கேள்வி போடுவேன்" என்றால் அது திட்டம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டது. எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்பே முடிவு செய்தவர்களில் நான்கில் மூன்று பேர் நேரத்துக்கு முடித்தார்கள். அப்படி முடிவு செய்யாதவர்களில் மூன்றில் ஒருவர்தான் முடித்தார்.

ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையோடு புதிய வேலையை முடிச்சுப் போடுவது நல்லது. பல் தேய்ப்பது, பஸ் ஏறுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது... எதுவானாலும் சரி.

2. மோசமான நாளுக்கு ஒரு குறைந்த அளவு

நல்ல நாளில் இரண்டு மணி நேரம் படிப்பீர்கள். காய்ச்சல், விசேஷம், பவர் கட் இருக்கும் நாளில் எவ்வளவு? அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். "5 கேள்வி, இல்லைனா ஒரு பக்கம்" என்ற அளவு போதும். கணக்குப் பாருங்கள்: தினம் 10 கேள்வி என்றால் ஒரு வருஷத்தில் 3,650 கேள்வி. குரூப் 4 தேர்வில் மொத்தமே 200 கேள்விதான்.

உளவியல் சிகிச்சையிலும் இந்த வழி உண்டு. மனம் சரியாகும் வரை காத்திருக்காமல் சிறிய செயலில் இருந்து தொடங்கச் சொல்வார்கள், மனநிலை பின்னால் வரும். செருப்பை மாட்டி வாசலைத் தாண்டிவிட்டால் வாக்கிங் பாதி முடிந்த மாதிரிதான்.

3. ஆசைக்குப் பூட்டு போடுங்கள்

பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் வேலை திருடனைத் தடுப்பது. இந்தப் பூட்டு நம்மிடம் இருந்தே நம்மைக் காப்பாற்ற.

பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, இலக்கை எட்டும் வரை பணத்தை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தது. வேண்டும் என்றவர்களுக்கு வீட்டில் வைக்க ஓர் உண்டியலும் உண்டு. அதன் சாவி வங்கியிடம்! 2006-ல் வெளியான ஆய்வின்படி, இந்தக் கணக்கைத் தருவதாகச் சொல்லப்பட்டவர்களின் சேமிப்பு ஒரு வருஷத்தில் மற்றவர்களைவிட 81 சதவீதம் கூடியிருந்தது. அத்தனைக்கும் அவர்களில் 28 சதவீதம் பேர்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? படிக்கும் ஒரு மணி நேரம் போன் அம்மாவின் பீரோவில் இருக்கட்டும். ரீல்ஸ் ஆப்பை நீக்கிவிடுங்கள், வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பதிவிறக்கிக்கொள்ளலாம். சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.-க்குப் பணம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள்.

4. ஒரு ஆளைப் பிடியுங்கள்

தினமும் ராத்திரி 9 மணிக்கு "முடிச்சாச்சு" என்று ஒரு நண்பருக்கு மெசேஜ் போடுங்கள், அவரும் உங்களுக்குப் போடட்டும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தின் இலவச வகுப்புகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதும் நல்ல வழி. பக்கத்து நாற்காலியில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், நாம் எழுந்து போகக் கொஞ்சம் கூச்சப்படுவோம். அந்தக் கூச்சம் நல்லதுதான்.

5. காலண்டரில் கோடு

தினக் காலண்டரோ மாதக் காலண்டரோ, வேலை முடிந்ததும் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். மாதக் கடைசியில் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். 30-க்கு 22 வந்தால் அது நல்ல மாதம். விட்டுப்போன 8 நாளும் என்ன கிழமை என்று பாருங்கள். அவற்றில் சனிக்கிழமைகளே அதிகம் என்றால் குறை உங்களிடம் இல்லை, சனிக்கிழமைத் திட்டத்தில் இருக்கிறது.

6. விட்ட நாளுக்கும் ஒரு விதி

"ஒரு நாள் போச்சு, இனி என்ன, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்பதுதான் பெரிய பொறி. ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டாவது நாள் விடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்து ஈடுகட்டவும் முயல வேண்டாம். வழக்கமான அளவே போதும்.

ஓர் உதாரணம்

வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4-க்குப் படிக்கும் ஒருவரைக் கற்பனை செய்வோம். "தினமும் காலை 4 மணிக்கு எழுந்திரு" என்ற அறிவுரை அவருக்கு உதவாது. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் ராத்திரி ஷிப்ட். கடிகாரத்தை நம்பிப் போட்ட திட்டம் ஷிப்ட் மாறும் வாரத்தில் உடைந்துவிடும்.

அவருக்கு நேரத்தைவிட நிகழ்வு பொருந்தும். "வேலை முடிஞ்சு குளிச்சு சாப்பிட்டதும் 20 நிமிஷம் தமிழ்" என்றால் எந்த ஷிப்டுக்கும் ஒத்துவரும். குரூப் 4-ல் 100 கேள்வி தமிழ்ப் பகுதியில் இருந்துதான். அதில் 40 சதவீத மதிப்பெண் வராவிட்டால் மீதித் தாள் திருத்தப்படாது. அதனால் களைத்த நாளின் குறைந்த அளவு தமிழாகவே இருக்கட்டும். கணக்கு, பொது அறிவு எல்லாம் விடுமுறை நாளுக்கு. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதும் வேண்டாம். தூக்கம் கெட்ட மூளையில் படித்தது தங்காது.

2025-ல் குரூப் 4 பணிகளுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. ஒழுங்காகப் படித்த எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் எத்தனை முறை எழுதுவது, எந்த வயதில் வேறு வழி பார்ப்பது என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசி, முன்பே முடிவு செய்துவிடுங்கள். விரதத்துக்குப் போலவே இதற்கும் ஒரு முடிவுத் தேதி வேண்டும்.

இது சோம்பல்தானா?

எல்லாவற்றையும் கட்டுப்பாட்டுக் குறை என்று நினைத்துவிடக்கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை, தூக்கக் குறைவு இவை எல்லாமே ஆளைச் சோர்வாக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்குப் பல மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனமாக இருக்கிறதா? முன்பு பிடித்த கிரிக்கெட், சினிமா, நண்பர்கள் எதிலும் ஈடுபாடு இல்லையா? தூக்கமும் பசியும் மாறிவிட்டனவா? "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று தோன்றுகிறதா? இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையால் குணமாகக்கூடியது. டைம்டேபிள் போட்டு மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது.

மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் போயும் மனநல ஆலோசனை பற்றிக் கேட்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், உடனே அழையுங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்ற ஒப்பீடு யாரையும் ஐந்து மணிக்கு எழுப்பியதில்லை. அதற்குப் பதிலாக, பிள்ளை படிக்கும் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள். அந்த நேரத்தில் கடைக்குப் போகச் சொல்லாதீர்கள். முடிந்தால் உங்கள் போனையும் அதே பீரோவில் வையுங்கள். பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் "வேகமா நட" என்று சொல்வதில்லை. மோர் கொடுத்து, கொஞ்சம் உட்கார இடம் கொடுக்கிறார்கள். அவர்கள் தானாக எழுந்து நடக்கிறார்கள்.

இன்று ராத்திரி என்ன செய்வது?

ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதுங்கள். என்ன வேலை, எந்த வேலைக்குப் பிறகு, எந்த இடத்தில். கீழே, மோசமான நாளில் குறைந்தது எவ்வளவு என்று ஒரு வரி. வீட்டில் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். போன் ராத்திரி எங்கே தூங்கும் என்றும் முடிவு செய்துவிடுங்கள்.

நாளைக்கு மூடு வரலாம், வராமலும் போகலாம். தாளில் எழுதியபடி அந்த இடத்தில் போய் உட்காருங்கள். அடுத்த மண்டபம் வரைதான் கணக்கு.